யார் எழுதிய வரி

யுவராஜ் சிரிக்கும் சத்தம் ஆபீஸ் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, முடிக்க மனமில்லாமல் இழுத்துக்கொண்டே போகிற சிரிப்பு. கல்யாணமான புதிதில் கோகிலவாணிக்கு அது தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று கிடைத்தால் உண்டு.

அவள் எட்டிப் பார்க்கவில்லை. அவன் எதிரே யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும். திரையில் மென்பொருளின் ஏதாவது ஒரு பழைய கோடு திறந்திருக்கும், காதில் நிவேதிதாவின் குரல் ஓடிக்கொண்டிருக்கும். நிவேதிதா வேலையை விட்டு ஹாலந்து போய் வருஷக்கணக்காகிறது. அங்கே ஒரு டச்சுக்காரனைக் கட்டிக்கொண்டு, கால்வாய் ஓரமாகச் சைக்கிள் ஓட்டும் படங்களைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். யுவராஜ் என்று ஒருவன் இருந்தது அவளுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. அவளுடைய நிழல் மட்டும் கோயமுத்தூர் சரவணம்பட்டியிலேயே தங்கிவிட்டது.

ரத்தமும் சதையுமாக ஒரு சக்களத்தி என்றால் குடுமிப்பிடிச் சண்டையாவது போடலாம். இவளுக்குக் குடுமியே கிடையாது. இத்தனைக்கும் கோகிலவாணி அந்த நிழலிடம் ஒரு நாளும் பேசியதில்லை. வேலையில் எந்தச் சந்தேகம் வந்தாலும் தானே முட்டி மோதிக் கண்டுபிடிப்பாள். 'அவகிட்டப் போய் நான் கேக்கறதா?' என்று ஒரு வீம்பு.

அன்று மதியம் டாக்டர் மெர்சி வந்திருந்தார். மயக்க மருந்து நிபுணர். கோகிலவாணியின் கம்பெனி வென்டிலேட்டர்களை ஓட்டும் மென்பொருளை எழுதுகிறது. அதை வாங்கப்போகும் ஆஸ்பத்திரியின் சார்பில் குறுக்கு விசாரணை செய்ய வந்தவர். உட்கார்ந்ததும் காபியைக்கூடத் தொடாமல் ஆரம்பித்தார்.

"பேஷன்ட் மூச்சு நின்னா உடனே அலாரம் அடிக்கணும். உங்க மெஷின் கொஞ்சம் யோசிச்சுட்டு அடிக்குது. ஏன்?"

மேனேஜர் சபேசன் யுவராஜைப் பார்த்தார். யுவராஜ் திரையை டாக்டர் பக்கம் திருப்பி வைத்தான்.

"எழுதுனவங்களையே கேட்டுடலாம் டாக்டர்."

"அவங்க இங்க இருக்காங்களா?"

"ஹாலந்துல இருக்காங்க. போன் எல்லாம் வேண்டாம், இருங்க. முன்னயெல்லாம் நாங்க கோடு எழுதறது ஒரு இடம், அதைப் பத்திரமா எடுத்து வெக்கறது இன்னொரு இடமா இருந்துச்சு. யாரு, எப்ப, எந்த வரியை மாத்துனாங்கன்னு அந்த ரெண்டாவது இடத்துல பதிவாகும். ஏன் மாத்துனோம்னு ஒரு வரி நாங்களே எழுதி வெக்கணும்."

"யாரும் எழுதமாட்டாங்களே," என்றார் டாக்டர். "எங்க கேஸ் ஷீட்டுல 'நிலைமை பரவாயில்லை'ன்னு கிறுக்கிட்டுப் போற மாதிரி."

"அதேதாங்க டாக்டர்," என்றாள் கோகிலவாணி. "'சரி செய்யப்பட்டது'ன்னு போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க."

யுவராஜுக்கு நடுவில் யாரும் பேசினால் பிடிக்காது. குரலைக் கொஞ்சம் உயர்த்தினான். "தடம்னு இந்த எடிட்டர் வந்த பின்னால ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. எழுதற இடமே எல்லாத்தையும் சேத்து வெச்சுக்குது. எழுதி அழிச்சது, அழிச்சதை மறுபடி எழுதுனது, கை நின்னு யோசிச்ச நேரம், ஓரத்துல போட்ட குறிப்பு, அடுத்தவங்க கோடைப் படிக்கறப்போ எங்க தேங்கி நின்னாங்கங்கறது, அத்தனையும். கொஞ்ச காலம் எழுதினாப் போதும், ஒருத்தர் எப்பிடி யோசிப்பாங்கன்னு அதுக்குப் பிடிபட்டுடும். அப்புறம் எந்த வரியைத் தொட்டு 'ஏன்'னு அழுத்தினாலும், எழுதுனவங்களே பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி சொல்லும். நாங்க நிழல்னு சொல்லுவோம். எழுதுனப்போ பதிவானது மட்டுந்தான் அதுக்கு ஞாபகம், நாம பேசறதெல்லாம் மூடுனதும் மறந்துடும்."

"ஆளு வேலையை விட்டுப் போனாலும்?"

"போனாலும்."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"சேரும்போதே கையெழுத்து வாங்கிடுவோம் மேடம்," என்றார் சபேசன். "கெளம்பறப்போ குரலும் கொடுத்துட்டுப் போகணும். அதுவும் அந்தக் கையெழுத்துல அடக்கம்."

 டாக்டர் தானே விரலை நீட்டி 'ஏன்' பொத்தானை அழுத்தினார்.

நிவேதிதாவின் குரல் வந்தது. பணக்காரர்கள் குடியிருக்கும் ரேஸ் கோர்ஸில் பிறந்து கான்வென்ட்டில் படித்த, வழவழப்பான குரல். "இருமல் வந்தா மெஷினுக்கு மூச்சு நின்ன மாதிரி தெரியுங்க. அதுக்கெல்லாம் மணி அடிச்சுட்டே இருந்தா நர்ஸுக்குச் சலிச்சுப் போகும். சலிச்சுப் போச்சுன்னா ஒரு நாள் மணியையே அமுத்தி வெச்சுடுவாங்க. நெசமாவே மூச்சு நிக்கற அன்னிக்கு யாருக்கும் கேக்காது. அதுதான் ஒரு இருமல் அடங்கற நேரம் மட்டும் பொறுத்துப் பாக்கச் சொன்னேன். மெஷினைவிட நர்ஸை நம்பித்தான் எழுதியிருக்கேன்."

டாக்டர் மெர்சி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "இது ஐசியூவுல படுக்கைக்குப் பக்கத்துல இருந்து பாத்தவங்க எழுதுனது," என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார்.

கோகிலவாணிக்கு வயிறு பற்றி எரிந்தது. இதில் என்ன பெரிய ஞானம்? அவளைக் கேட்டிருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள், ஏறக்குறைய இதே வார்த்தைகளில். ஆனால் அவளை யார் கேட்டார்கள்? உயிரோடு எதிரில் உட்கார்ந்திருப்பவளிடம் 'ஏன்' என்று கேட்க இந்த ஆபீசில் பொத்தான் கிடையாது.

டாக்டர் போனதும் யுவராஜ் அவள் பக்கம் திரும்பினான். "எப்பிடிச் சொன்னா பாத்தியா!"

"சொன்னா இல்லீங்க. சொல்லுச்சு."

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

*

சாயங்காலம் அவனைக் கூப்பிட அவன் இடத்துக்குப் போனவள் தடுப்புக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். யுவராஜ் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்பீக்கரில் நிழலோடு பேசிக்கொண்டிருந்தான். திரையில் அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய கோடு. அப்போது வேறு அணியில் இருந்தான். அவன் எழுதியதெல்லாம் சரிபார்ப்புக்காக நிவேதிதாவின் லாகினுக்குத்தான் போகும்.

"எல்லாத்தையும் கடகடன்னு படிச்சுட்டுப் போயிருக்கீங்க," என்றான். வீட்டில் கேட்டறியாத ஒரு குழைவு. "என்னோடதுல மட்டும் நின்னிருக்கீங்களே, ஏன்?"

"புடிச்சிருந்துச்சுங்க," என்றது நிழல். "கணக்குத் தப்பாப் போனா என்ன பண்றதுன்னு மொதல்லயே யோசிச்சு எழுதியிருந்தீங்க. அவசரமே இல்லாம எழுதற ஆளு யாருன்னு பாக்கலாம்னு இருந்துச்சு. அதனால தப்பே இல்லாத எடத்தையும் ரெண்டு தடவை படிச்சேன்."

யுவராஜ் நாற்காலியை லேசாக அசைத்துக்கொண்டே, "அப்பிடியா?" என்றான். அதே கேள்வியை வேறொரு இடத்தைத் தொட்டு மறுபடி கேட்டான். அவன் பின்கழுத்து சிவந்திருந்தது.

கோகிலவாணி சத்தமில்லாமல் திரும்பி வந்து கைப்பையை எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தாள். சத்தி ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கார் கிளம்பி முதல் சிக்னலில் நின்றபோது யுவராஜ் தொண்டையைச் செருமினான். அவன் செருமினால் கெட்ட செய்தி என்று அர்த்தம்.

"குழந்தைங்க வென்டிலேட்டருக்குப் புதுசா ஒரு டீம் போடறாங்கல்ல. சபேசன் சார் லீடு யாருன்னு கேட்டாரு."

அந்த இடம் தனக்குத்தான் என்று அவள் மட்டுமா நினைத்திருந்தாள்? கேன்டீனில் ட்ரீட் எப்போது என்றுகூட இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

"யாரைச் சொன்னீங்க?"

"தப்பா எடுத்துக்காத. நிவேதிதாவோட நிழலையே லீடாப் போட்டுடலாம்னேன். எதை எப்பிடி எழுதணும்னு அது சொல்லட்டும், நீங்கெல்லாம் அது சொல்றபடி எழுதுங்க. சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. சபேசன் சாருக்கு ரொம்ப சந்தோசம்."

"நான் அவகிட்டக் கைகட்டி நிக்கோணுமா?"

"அது ஒரு சாஃப்ட்வேர், கோகிலா."

"சாஃப்ட்வேர்கிட்டயா கழுத்து செவக்க அப்பிடிக் கொஞ்சீட்டிருந்தீங்க?"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். சிக்னல் பச்சையாகி எவ்வளவு நேரமோ ஆகியிருந்தது. யுவராஜ் வண்டியை எடுத்தான்.  வீட்டு வாசலில் இறங்கும்போது, "நீயும் ஒரு காலத்துல கலகலன்னுதான் இருந்த," என்றான். பாராட்டு மாதிரி ஆரம்பித்து அறை மாதிரி விழுந்தது.

*

மறுநாள் காலை கோகிலவாணி எல்லோருக்கும் முன்பாக ஆபீசுக்கு வந்தாள். பயபக்தியோடு வரவில்லை. சுவாமி படத்துக்குப் பின்னால் பல்லி இருக்கிறதா என்று பார்க்க வருகிறவளைப் போல வந்தாள். அந்த நிழலை உட்காரவைத்து வியர்க்க விட வேண்டும். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு கிடைத்தால் போதும். சபேசன் மேஜையில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம்.

வாழ்க்கையில் முதல்முறையாக 'ஏன்' பொத்தானை அழுத்தினாள். நிவேதிதாவின் குரல், "சொல்லுங்க," என்றது.

"பொறந்த கொழந்தை. மூச்சு சின்னது, வேகம் அதிகம். நீங்க பெரியவங்களுக்கு எழுதுன அலாரம் இதுக்கு ஆகாது. எப்பிடி மாத்துவீங்க?"

"நேரா எழுத வராதுங்க, மொதல்ல கிறுக்கிப் பாத்துக்கறேன். பேரு எல்லாம் அப்புறம் ஒழுங்கா மாத்திக்கலாம்," என்றது நிழல். திரையில் வரிகள் வர ஆரம்பித்தன.

கோடு எழுதுகிறவர்களுக்கு இது பழக்கம். நடுவில் வருகிற விடைகளைப் போட்டு வைக்கத் தற்காலிகமாகச் சில பெட்டிகள் வேண்டும். அவற்றுக்குப் பெயர் வேண்டும். வாயில் வந்ததை வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் நல்ல பெயராக மாற்றிவிடுவார்கள். சிலர் அ, ஆ என்று வைப்பார்கள். சிலர் காதலியின் பெயரை வைத்துவிட்டு மாற்ற மறந்து மாட்டிக்கொள்வார்கள்.

நிழல் முதல் பெட்டிக்கு அன்னூர் என்று பெயர் வைத்தது. குழந்தையின் மூச்சு அதில் போய் விழுந்தது. அடுத்தது கணேசபுரம். அங்கே வேகம் கணக்கிடப்பட்டது. அப்புறம் கோவில்பாளையம். கோகிலவாணி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். குரும்பபாளையம் என்று வந்தபோது அவள் கை வாயைப் பொத்தியிருந்தது. கடைசி விடை வந்து விழவேண்டிய பெட்டிக்கு நிழல் என்ன பெயர் வைக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரவணம்பட்டி என்று வைத்தது.

ரேஸ் கோர்ஸ் பங்களாவிலிருந்து காரில் வந்து இறங்கிய நிவேதிதாவுக்குக் கணேசபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அன்னூரிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு ஸ்டாப்பாக எண்ணி, சரவணம்பட்டியில் இறங்கியவள் வேறொருத்தி. காண்ட்ராக்டில் சேர்ந்தவள். தடம் வந்த புதிதில் அதன் லைசென்ஸ் விலை அதிகம் என்று காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பெனி லாகின் கொடுக்கவில்லை. யாராவது ஒரு பர்மனென்ட் ஆளின் லாகினில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். "என்னோடதுல எழுதிக்கோங்க கோகிலா, எனக்கு மீட்டிங்குக்குப் போகவே நேரம் சரியா இருக்கு," என்று நிவேதிதா நல்ல மனசோடுதான் சொன்னாள். பர்மனென்ட் ஆகும்வரை கோகிலவாணி எழுதியது, அழித்தது, யோசித்தது, சிரித்தது எல்லாம் நிவேதிதா என்ற பெயரில் போய்ச் சேர்ந்தது. யார் லாகினோ அவர்தான் ஆள் என்று தடம் நம்பிக்கொண்டது. அதற்கு விரல்களைத் தெரியும், முகத்தைத் தெரியாது.

அப்பா பெரியாஸ்பத்திரி ஐசியூவில் கிடந்ததும் அந்த நாட்களில்தான். மணி அடித்து அடித்துச் சலித்துப்போன நர்ஸ் அதை அமுத்தி வைத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்தான். லாகின் பகிர்ந்துகொண்டது அவளுக்கு மறந்துபோன விஷயம் இல்லை. ஒரு நிமிஷம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் என்றைக்கோ விளங்கியிருக்கும். ஆனால் பொறாமைக்கும் கணக்குக்கும் எந்தக் காலத்தில் ஒத்துப்போனது?

அப்படியென்றால் யுவராஜின் கோடைச் சரிபார்த்தது? அதுவும் அவள்தான். பர்மனென்ட் ஆட்களின் கோடைக் காண்ட்ராக்ட் ஆட்கள் சரிபார்க்கக் கூடாது என்று விதி இருந்ததால், நிவேதிதா வெளியே சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். கோகிலவாணியும் சொல்லவில்லை. அவனிடம்கூடச் சொல்லவில்லை. அவன் எழுத்தைப் படித்துவிட்டுத்தான் கேன்டீனில் அவன் முகத்தைத் தேடினாள். தேடிக் கண்டுபிடித்து, எதிர் மேஜையில் உட்கார்ந்து, ஊறுகாய் கேட்கிற சாக்கில் பேச்சை ஆரம்பித்தாள். தானாகத்தான் அவளைக் கண்டுபிடித்ததாக அவன் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கோகிலவாணி சிரித்தாள். காலியான ஆபீசில் தன் சத்தம் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். இத்தனை காலமாக யாரைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தாள்! அவன் அத்தனை மயங்கிப் பேசியது அவளிடம்தான். கழுத்து சிவந்தது அவளுக்காகத்தான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல இருந்தது. அவள் பார்க்கத்தான் இவ்வளவு நாளாகிவிட்டது.

*

தடத்தைப் பராமரிக்கிறவள் ஷகிலா பானு. எட்டு மொழியில் திட்டத் தெரிந்தவள் என்று பெயர். முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தமிழில் மட்டும் திட்டினாள்.

"காண்ட்ராக்ட்டு ஆளுங்களுக்கு லாகின் கொடுங்கன்னு அன்னிக்கே தலதலயா அடிச்சுக்கிட்டேன் கோகிலாக்கா. காசு மிச்சம் பண்றேன்னு ஆளையே மாத்தி வெச்சிருக்கானுங்க. யாரு யாரோட நிழலுக்குள்ள யாரு யாரு இருக்காங்களோ!"

"மாத்த முடியுமா?"

"அவங்க சரின்னு சொல்லணும்."

ஹாலந்துக்கு எழுதினார்கள். காபி குடித்துவிட்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. 'அய்யோ, அதெல்லாம் நீங்கதானே எழுதுனீங்க! என் பேருல ஒண்ணு இன்னுமா அங்க ஓடுது? எனக்குக் கோடு எழுதவே அவ்வளவா வராதே. மாத்திடுங்க, ப்ளீஸ். யுவராஜ் எப்படி இருக்காரு? அவரு உங்க டீம்ல இருந்த உயரமான ஆளுதானே?'

யுவராஜ் உயரமான ஆள் இல்லை. ஷகிலா பானு கோகிலவாணியைப் பார்த்தாள். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இப்பவே மாத்திடறேன். இந்த மைக்குல கொஞ்சம் பேசிக் கொடுங்க, குரலும் உங்களுதாயிடும். அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. அவரே கேக்கட்டும்," என்றாள் கோகிலவாணி. சொல்லும்போதே முகம் சூடானது. நெற்றியை மறைத்த முடியைச் சரிசெய்துகொண்டாள். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவள் இவ்வளவு படபடப்பாக இருந்ததில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து யுவராஜ் தன் இடத்தில் உட்கார்ந்தான். அவன் எப்போதும் அந்த நேரத்தில்தான் நிழலோடு பேசுவான். கோகிலவாணி தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு தடுப்போரமாக நின்றாள். அவன் பழைய கோடைத் திறந்தான். தனக்குப் பிடித்த அதே இடத்தைத் தொட்டான். ஸ்பீக்கர் வழியாகக் கேட்டான்.

"இங்கயும் நின்னிருக்கீங்களே. ஏனுங்க?"

"இதுவும் புடிச்சிருந்துச்சுங்க," என்றது நிழல், கோகிலவாணியின் குரலில், கொஞ்சம் அன்னூர் வாடையோடு. "இப்பிடி எழுதறவரு மனுசங்ககிட்டயும் இவ்வளவு பொறுமையாத்தான் இருப்பாருன்னு தோணுச்சு."

யுவராஜின் முதுகு நிமிர்ந்தது. திரையின் மூலையில் இருந்த பெயரைக் குனிந்து படித்தான். பிறகு மெல்லத் திரும்பினான். கதவு தட்டும் சத்தம் கேட்டு, வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்து திறந்தவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"அட," என்றான். "நீதானா."

அவ்வளவுதான் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை, கிண்டலாகவும் சொல்லவில்லை. வேறு யாரையோ எதிர்பார்த்தவன் பால் பாக்கெட்டை வாங்கிக்கொள்வதுபோல, இயல்பாகச் சொன்னான். கோகிலவாணி கையிலிருந்த பாட்டிலை அவன் மேஜையில் வைத்தாள். எதற்காக வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

*

திரும்பும்போது காரில் அவன்தான் பேசினான்.

"அந்த பஸ் ஸ்டாப் பேரெல்லாம் நீ வெச்சதா?"

"ஆமா."

"இப்பெல்லாம் அப்பிடி எழுதறதில்லையே நீ?"

"கல்யாணமான வருசம் எழுதினேன். 'இது உசுரு சம்பந்தப்பட்ட சமாச்சாரம், வெளையாட்டெல்லாம் வேண்டாம், ஒழுங்காப் பேரு வை'ன்னு நீங்கதான் எல்லார் முன்னாலயும் சொன்னீங்க."

"நானா?" என்றான். அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. நிவேதிதா வைத்ததாக நினைத்து அதே பெயர்களுக்காக அவன் எத்தனை மத்தியானம் சிரித்திருப்பான் என்று இருவருமே யோசித்தார்கள். 

அடுத்த வாரம் சபேசன் அறையில் கூட்டம் நடந்தது. புது அணிக்கு நிழலை லீடாகப் போடுவது பற்றி யுவராஜ் தன் கருத்தை மாற்றிக்கொண்டிருந்தான்.

"அந்த நிழல் இன்னும் கொஞ்சம் பக்குவப்படணும் சார். சில இடத்துல வெளையாட்டுத்தனம் தெரியுது. கொழந்தைங்க மெஷின், ரிஸ்க் எடுக்க வேண்டாம்."

சபேசன் கண்ணாடியைக் கழற்றினார். "போன வாரம் இதே நிழல்தானேப்பா? ஒரு வரிகூட மாறலையே. பேருதானே மாறியிருக்கு?"

யுவராஜ் பேனாவின் மூடியைத் திறந்து மூடினான். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இரண்டும் ஒரே கரைதான் என்று தெரிந்த பிறகு அந்தப் பச்சை எங்கே போகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

சபேசன் வியாபாரி. எதிலும் லாபம் பார்ப்பார். "டாக்டர் மெர்சி மறுபடி கூப்பிட்டுக் கேட்டாங்க. எழுதுனவங்க ஹாலந்துல இல்ல, இங்கதான் இருக்காங்கன்னு சொன்னதும், 'அப்ப நிழல் எதுக்கு, அவங்களையே போடுங்க'ன்னாங்க. கோகிலவாணி, நீங்களே லீடு பாத்துக்கறீங்களா?"

இதற்காகத்தானே இத்தனை பொருமல்? "பாத்துக்கறேன் சார்," என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். யுவராஜும் தட்டினான். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினான். அதற்குப் பிறகு மதிய வேளைகளில் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வரவில்லை. அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

லீடுக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் சத்தி ரோடும், அன்னூர் பஸ் வந்து நிற்கும் ஸ்டாப்பும் தெரியும். குழந்தைகளுக்கான அலாரத்தில் ஒரு சந்தேகம் வந்தபோது கோகிலவாணி வீம்பு பார்க்காமல் 'ஏன்' பொத்தானை அழுத்தினாள். இப்போது அது அவள் குரலில்தான் பேசுகிறது. ஆனால் அவள் அப்படிப் பேசி நாளாகிறது. அதில் ஒரு துள்ளல் இருந்தது. கேட்ட சந்தேகத்தைச் சட்டென்று தீர்த்து வைத்தது. அன்னூரில் தொடங்கிச் சரவணம்பட்டியில் முடிந்தது.

வேலை முடிந்ததும் அவள் மூடப் போனாள். நிழல் கேட்டது.

"அந்த இன்னொரு டீம்ல இருந்து புது கோடு ஏதாச்சும் வந்திருக்குதுங்களா?"

"எந்த டீம்?"

"அதாங்க, யுவராஜ்னு ஒருத்தர் எழுதுவாரே. வந்துச்சுன்னா எனக்கே அனுப்புங்க, வேற யாருக்கும் அனுப்பிடாதீங்க. நான் இன்னும் அவரைப் பாத்ததில்ல. யாருன்னு கண்டுபிடிக்கணும்."

கோகிலவாணி தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். யுவராஜின் உச்சந்தலை தெரிந்தது. வழுக்கை விழத் தொடங்கியிருந்தது. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தேடிக்கொண்டு போய் ஊறுகாய் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றுமா என்று கொஞ்சம் காத்திருந்தும் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒண்ணும் வரல," என்றாள் நிழலிடம். "வந்தா அனுப்பறேன்."

"மறந்துடாதீங்க," என்றது அது, வெட்கத்தோடு.

பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். நிவேதிதாவின் மேல் இருந்த பொறாமை என்றைக்கோ போய்விட்டது. இப்போது இந்தப் பெண்ணின் மேல் வந்திருந்தது. இவளுக்கு இன்னும் அவனைப் பிடித்திருக்கிறது.